சட்டை போட்ட சோடா

செம்மணல்விளையில் நெஞ்சு வலித்துச் செத்தவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. அந்த ஊரில் சாகிறவர்கள் எல்லாரும் வாய்வு பிடித்துத்தான் சாவார்கள். முருங்கைத் தோட்டத்துக்குப் போனவன் பாத்தியில் சாய்ந்துவிட்டானா, வாய்வு; பஸ்ஸுக்கு ஓடினவன் படியில் உட்கார்ந்து எழுந்திருக்கவில்லையா, வாய்வு; கோயில் கொடைக்கு ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் படுத்தவன் விடிந்தும் புரண்டு படுக்கவில்லையா, அதுவும் வாய்வுதான், மொச்சை தின்ற வாய்வு, கிழங்கு தின்ற வாய்வு, ஒன்றும் தின்னாமல் கிடந்த வாய்வு. வெளியூரில் படித்துவிட்டு வந்த எவனாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் 'அது மாரடைப்புய்யா' என்று சொல்லிவிட்டால் போதும், 'போவே, பெரிய டாக்டரு, அவன் கடைசியா விட்ட ஏப்பத்த நாங்க இந்தக் காதால கேட்டோம்லா' என்று அவன் வாயை அடைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் கோயில் ஒரு ஓரத்திலும் பள்ளிக்கூடம் இன்னொரு ஓரத்திலும் இருக்க, ஊருக்கு நட்ட நடுவில் சோடாக் கம்பெனி இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கேஸ் சிலிண்டர், பாட்டிலைக் கூண்டுக்குள் பூட்டித் தலைகீழாகச் சுற்றுகிற ஒரு மிஷின், கழுத்தில் கோலிக்குண்டு கிடந்து உருளுகிற பச்சைக் கண்ணாடிப் பாட்டில்கள், வந்தவர்கள் உட்கார இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். மிஷினைச் சுற்றுகிறவர் வெள்ளைப்பாண்டி. கொட்டகையின் வாசல் பக்கத்து அறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள் அவர் பெண்டாட்டி செல்லக்கனி. பிள்ளை கிடையாது. அவளுக்கு அவர், அவருக்கு அவள், இரண்டு பேருக்கும் அந்த இரண்டு மிஷின்.

செல்லக்கனிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வெள்ளைப்பாண்டியின் அப்பா, இதே கொட்டகையில், இதே மிஷினுக்குப் பக்கத்தில், கையில் சோடாப் பாட்டிலோடு போய்ச் சேர்ந்தார். வெள்ளைப்பாண்டியின் அண்ணனும் அப்படியே போனார், அதுவும் இவள் கல்யாணமாகி வந்த புதிதில், இவள் கண் முன்னாலேயே, முகமெல்லாம் வேர்த்து, உதடு நாவல் பழம் தின்றாற்போல நீலம் பாரித்து, 'ஒண்ணுமில்ல, வாய்வு' என்று சொல்லிக்கொண்டே. வெள்ளைப்பாண்டிக்கு இப்போது அந்த அண்ணன் போன வயசு. அவர் மார்பைத் தடவுகிற ஒவ்வொரு தடவையும் அவள் தையலை நிறுத்திவிட்டு அவர் உதட்டின் நிறத்தைப் பார்ப்பாள்.

பங்குனி வெயில் உச்சிக்கு ஏறியிருந்த ஒரு மத்தியானம், லாரி ஓட்டுகிற சுயம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து பெஞ்சில் விழுந்து ஓர் இஞ்சிச் சோடா கேட்டான். வெள்ளைப்பாண்டி எடுத்துக் கொடுத்தார். கோலியில் கட்டைவிரலை வைத்த சுயம்பு, அழுத்தாமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, உள்ள என்னமோ கொடலு மாதிரி கெடக்கே."

"ஏட்டி கனி, பாட்டில ஒழுங்காக் கழுவுனியா இல்லியா?" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, "மன்னிச்சுக்கிடு டே, வேற தாரேன்" என்று அதை வாங்கி வைத்து இன்னொன்றைக் கொடுத்தார். அதிலும் குடல் கிடந்தது. அதையும் வாங்கி வைத்துவிட்டு வேறொன்று கொடுத்தார். வெள்ளைப்பாண்டியின் கையில் இருக்கும்வரை சுத்தமான தண்ணீர், சுயம்பு கைக்குப் போனதும் குடல். பாட்டில் வெடித்தால் விரல் போய்விடும் என்று வெள்ளைப்பாண்டி தோல் கையுறை போட்டிருப்பார், சுயம்பு வெறுங்கையால் பிடித்திருந்தான், அதுதான் வித்தியாசம்.

கழுத்தில் அளவெடுக்கிற டேப்போடு வெளியே வந்த செல்லக்கனி குனிந்து பார்த்தாள். ஒரு மனுச உடம்பின் உள்பக்கம் முழுசும் சுண்டுவிரல் நீளத்துக்குச் சோடாவுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே, மடக்கின கைமுட்டியின் வடிவத்தில் இருதயம் திக் திக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய சவ்வு, சவ்வுக்கு அடியில் வலப்பக்கம் ஈரல், இடப்பக்கம் சாய்ந்து வளைந்த இரைப்பை, அப்புறம் சுருண்டு சுருண்டு மடிந்து கிடக்கிற சிறுகுடல், அதைச் சுற்றி வேலி அடைத்தாற்போலப் பெருங்குடல். இரைப்பை முடிந்து குடல் தொடங்குகிற இடத்தில், பீடியால் சுட்டதுபோல, நடுவில் வெள்ளையும் ஓரத்தில் சிவப்புமாக ஒரு புண் இருந்தது.

"தம்பி, இது ஒங்க வயிறுதான். இந்தா, புண்ணு இருக்கு பாருங்க" என்றாள்.

"ஆமாக்கா, அங்கனதான் வலிக்கி" என்றான் சுயம்பு. கோலியை அழுத்தினான், சோடாவைக் குடித்தான். தண்ணீர் இறங்க இறங்க உள்ளே இருந்ததும் மங்கி மறைந்துபோனது. "அப்பம் என் கொடல நானே குடிச்சிட்டனா?" என்று கேட்டான். "ஏன், ருசியா இல்லியோ?" என்றார் வெள்ளைப்பாண்டி.

இப்படி நடந்தால் வேறு ஊரில் என்ன செய்திருப்பார்களோ தெரியாது, செம்மணல்விளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பங்குனியும் சித்திரையும் ஊரில் பாதி வேலை நடக்கவில்லை, மாமியாரைப் பார்க்க மருமகளும் மருமகளைப் பார்க்க மாமியாரும் ஆளுக்கொரு பாட்டிலைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், 'என் மேல எரிஞ்சு விழுந்து விழுந்து ஒமக்குப் பித்தப்பையில கல்லு வச்சிட்டு பாத்தேரா' என்று ஒருத்தி புருசனைப் பிடித்து உலுக்கினாள், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு அப்படியே படுக்கிறவர்களின் இரைப்பையில் புளிப்பு பொங்கி, மேல்வாசல் சரியாகச் சாத்தாமல், உணவுக்குழாயில் பாதி தூரம் ஏறிச் சிவக்க வைத்திருப்பதை அவரவர் கண்ணாலேயே பார்த்தார்கள், கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனின் ஈரல் கருவாடாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்து அவன் பெண்டாட்டி அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யார் குடலில் புழு நீளம் என்று பந்தயம் கட்டினார்கள், தர்மகர்த்தா சிவனணைந்தபெருமாளின் இருதயம் மற்றவர்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிசாக இருப்பதைக் கண்டு, பின்னே, கோயிலுக்குத் தேர் கொடுத்தவரில்லையா என்று ஊரே பெருமைப்பட்டது.

"அது பெருமை இல்லை, வீக்கம்" என்றார் டாக்டர் எஸ்தர்.

எஸ்தர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர். செம்மணல்விளைக்காரர்களைப் பெரும்பாலும் உயிர் போனபிறகுதான் பார்த்துப் பழக்கப்பட்டவர். சேதி கேட்டு ஸ்கூட்டரில் வந்தார், ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு பெட்டிச் சோடாவைத் திண்டுபோலப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வந்தவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். சுயம்புவின் புண் மாத்திரையில் ஆறியது. சலவைக்காரர் மகளுக்கு இருதயத்தின் இடப்பக்கக் கதவு சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்கு வழிவதைக் கண்டுபிடித்து நெல்லைக்கு அனுப்பினார், அந்தப் பெண் பிழைத்து வந்தாள். செல்லக்கனி தையலை விட்டுவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள்.

"ஏன் டாக்டரம்மா, ஒரே எடத்துலதான வலிக்கி, ஒருத்தருக்கு வயிறுங்கிய, ஒருத்தருக்கு நெஞ்சுங்கிய, எத வச்சுச் சொல்லுதிய?"

"நடுவுல இருக்கிற சவ்வைப் பாத்தீங்களா? இருதயமும் இரைப்பையும் ஒரே சுவரை வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் குடியிருக்கு. மேல் வீட்ல தீப்பிடிச்சாலும் கீழ் வீட்லதான் புகைங்கிறான் மனுசன். ஏப்பம் வந்துட்டா தீ அணைஞ்சிருச்சுன்னு நினைக்கிறான்." எஸ்தர் ஒரு பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்தார். "இருதயத்து மேல கொடி மாதிரி ஓடுது பாருங்க, அந்த ரத்தக்குழாய்தான் இருதயத்துக்கே சோறு போடுது. அதுல கொழுப்பு அடைச்சா அந்த இடம் பட்டினி கிடந்து வெளிறிப் போகும். நெஞ்சு கனத்து, வேர்த்து, தோளுக்கும் தாடைக்கும் வலி ஓடும். அப்போ குடிக்க வேண்டியது சோடா இல்ல. ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு."

அன்றைக்குச் சாயங்காலமே செல்லக்கனி ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு புருசன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவ கையொறையக் கழத்திட்டுப் பிடிங்களேன்."

"எதுக்கு? எனக்கு என்ன கேடு?"

"கேடு இல்லன்னா பிடிக்க வேண்டியதான?"

"ஏட்டி, எங்க அய்யா உள்ள பாக்காமலே அம்பது வயசு வரைக்கும் தெம்பா இருந்தாரு. பாத்திருந்தாருன்னா நாப்பதுலயே பயந்து செத்திருப்பாரு."

சிரிக்க வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் மிஷினை நிறுத்திய பிறகும் அவர் கையுறையைக் கழற்றுவதில்லை என்று ஆனது, சோறு தின்னும்போது மட்டும் கழற்றுவார், அப்போது பக்கத்தில் பாட்டில் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்வார். ஊர் முழுக்கத் தன்னைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, இந்த ஒருத்தர் உள்ளே மட்டும் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அவள் தவித்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் உலை வைக்காமல் கிடந்தாள். ஒன்றுக்கும் அவர் மசியவில்லை.

ஆனியில்தான் அன்னபுஷ்பத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்னபுஷ்பம் செல்லக்கனிக்கு எதிர்வீட்டுப் பெண், இவளிடம்தான் தையல் பழகினாள், வாயாடி, சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அந்த ஊர் வழக்கப்படி வந்தவர்களுக்குத் தாம்பாளத்தில் சோடாவும் கலரும் வைத்துக் கொண்டுவந்தாள். தாம்பாளத்தைத்தான் தொட்டாளே தவிர பாட்டிலைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அத்தைக்காரி, வாயெல்லாம் பல்லாக, "நீயும் ஒண்ணு குடிம்மா, வெக்கப்படாத" என்று ஒரு சோடாவை எடுத்து அவள் கையில் திணித்தாள். பாட்டிலில் தெரிந்த அன்னபுஷ்பத்தின் இருதயத்தில் மேலறைகள் இரண்டுக்கும் நடுச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது, அதன் வழியே ரத்தம் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கசிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் பாதி குடித்த பாட்டில்களைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

விளக்கு வைப்பதற்குள் 'ஓட்ட நெஞ்சுக்காரி' என்று ஊரெல்லாம் பேர் போய்விட்டது. மறுநாள் காலையில் அன்னபுஷ்பம் கிணற்றில் குதித்தாள். பனையேறப் போனவர்கள் பார்த்துத் தூக்கினார்கள். ஈரச் சேலையை உருவி வேறு சேலை சுற்றிவிட்டது செல்லக்கனிதான், அப்போது அந்தப் பெண் கண்ணைத் திறந்து இவளைப் பார்த்த பார்வை இவள் மனசைப் போட்டு அறுத்தது. அந்த ஓட்டையை அடைத்துவிடலாம், ஆபரேசன் இருக்கிறது, பயமில்லை என்று எஸ்தர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அது யார் காதிலும் ஏறவில்லை.

கம்பெனி வாசலில் ஊர் கூடியது. தர்மகர்த்தா பேசினார்.

"தெய்வம் தோலப் போட்டு மூடி வச்சது சும்மாவா? ஆட்ட உரிச்சாத்தான் கொடலு தெரியணும். மனுசனுக்கு உரிக்காமலே தெரியும்னா அது என்ன பொழப்பு? நாளைக்கு எந்தப் பிள்ளைய எவன் வீட்ல கொடுக்கப் போறோம்?"

கம்பெனியைச் சாத்து என்றான் ஒருத்தன். சாத்திவிட்டு வாய்வுக்கு என்ன செய்வாய் என்றான் இன்னொருத்தன். அப்போது, அன்னபுஷ்பத்தின் ஈரத்தலை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்க, செல்லக்கனி எழுந்து சொன்னாள்: "பாட்டிலுக்குச் சட்ட தச்சுப் போட்டுரலாம். நான் தச்சுத் தாரேன்."

எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். வெள்ளைப்பாண்டி, கல்யாணமான இத்தனை வருசத்தில் பார்க்காத ஒரு நிம்மதியோடு அவளைப் பார்த்தார்.

வெட்டி மிச்சமான ஜாக்கெட் துணிகளையெல்லாம் எடுத்து, அடியிலிருந்து பாட்டிலின் கழுத்துவரை மூடும்படி உறை தைத்து, மேலே நாடா கோத்துச் சுருக்குப் போட்டுக் கட்டினாள். குடிக்கிறவன் துணியைத்தான் பிடிக்க வேண்டும். சட்டைக்குள்ளே அது தெரிகிறதா, தெரியாமல் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. எஸ்தர் வந்து ஒரு சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லாருக்கு செல்லக்கனி. இனிமே எங்கிட்ட நோயாளி வர மாட்டான். பழையபடி பொணம்தான் வரும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சில மாசம் போதும் எதுவும் வழக்கமாகிவிட. கல்யாண வீட்டுக்கு ஜரிகை வைத்த சட்டை, துக்க வீட்டுக்கு வெள்ளைச் சட்டை, கொடைக்கு மஞ்சள் சட்டை என்றாகிவிட்டது. சட்டை போடாத பாட்டிலை நீட்டினால் அம்மணமாக நிற்பதைப் பார்த்ததுபோல முகத்தைச் சுளித்தார்கள். குழாயடியில் சண்டை வந்தால் 'ஒஞ் சட்டைய அவுத்தா தெரியும்டி' என்பது எல்லா வசவுக்கும் மேலான வசவாகிப்போனது, அதற்கு மேல் கைகலப்புதான். செல்லக்கனியின் கைவேலைக்கு வெளியூரிலும் பேர். வெள்ளைப்பாண்டி சட்டை போட்ட பிறகே பாட்டிலை மிஷினில் பூட்டினார், கையுறையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

அடுத்த சித்திரைக் கொடையில், ஆட்டுக்கறிச் சோறு முடிந்து, ஆம்பிளைகள் எல்லாரும் வழக்கம்போலச் சோடாவுக்காகக் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப்பாண்டி சிரித்துப் பேசிக்கொண்டே எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தார், அப்புறம் தூணில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார்.

"கனி, வாய்வு ஏறிட்டு. ஒரு இஞ்சி எடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வடிந்து காதோரம் இறங்கியது. செத்துப்போன அண்ணனே அந்தத் தூணில் வந்து சாய்ந்திருக்கிறாற்போல இருந்தது அவளுக்கு.

"தோளு வலிக்கா?"

"லேசா. நேத்து பெட்டி தூக்குனேம்லா."

"தாட?"

"ஏட்டி, சோடாக் கேட்டா போலீசு மாதிரில்லா கேள்வி கேக்க."

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள், மஞ்சள் சட்டை போட்டது. அவள் விரல் தானாக நாடாவின் முடிச்சுக்குப் போயிற்று. குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார்கள். தர்மகர்த்தா தொண்டையைக் கனைத்தார்.

"எம்மா, ஆம்பளைய இத்தன பேரு இருக்கோம்."

அவள் முடிச்சை இழுத்தாள். வெள்ளைப்பாண்டி அவளைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு பச்சைப் பிள்ளையின் கெஞ்சல்தான் இருந்தது. "கனி, அவுக்காத. அவுத்தியன்னா சத்தியமா நான் அதத் தொட மாட்டேன். ஊரு முன்னால என்ன அசிங்கப்படுத்தாத."

எத்தனை ராத்திரி கெஞ்சியிருப்பாள், ஒரு தடவை காட்டு என்று. இன்றைக்கு அவர் கெஞ்சுகிறார், பார்க்காதே என்று. அத்தனை கண்ணும் தன் விரலில் இருப்பது அவள் முதுகில் ஊர்ந்தது. அவிழ்ந்த நாடாவை மறுபடி சுருக்கிக் கட்டி, சட்டையோடு அவர் கையில் கொடுத்தாள்.

வெள்ளைப்பாண்டி கோலியை அழுத்தினார். சீறிக்கொண்டு வந்தது. ஒரே மூச்சில் முக்கால் பாட்டில் குடித்தார். ஒரு கணம் எல்லாரும் காத்திருந்தார்கள், அப்புறம் அவருடைய அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது பாருங்கள் ஓர் ஏப்பம், கொட்டகையே அதிர்ந்தது. பெஞ்செல்லாம் சிரித்தது. "அம்புட்டுதான், எறங்கிட்டு" என்றார் தர்மகர்த்தா.

"பாத்தியா?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார் வெள்ளைப்பாண்டி. சிரித்தபடியே தலை தூணிலிருந்து நழுவித் தோளில் சாய்ந்தது.

யாரும் கிட்டே வருவதற்கு முன்னால் அவள்தான் போய் விழுந்தாள். அவர் கைக்குள் இருந்த பாட்டிலின் நாடாவை அறுத்துச் சட்டையைக் கீழே உருவி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். உள்ளே கொஞ்சம் தண்ணீரும் இஞ்சி வாசனையும்தான் இருந்தன. விரல்களின் பிடி தளர்ந்து பாட்டில் அவள் உள்ளங்கைக்கு வந்தது. வந்ததும் தண்ணீருக்குள் ஒரு சின்ன இருதயம் எழுந்து நின்று அடிக்கத் தொடங்கியது, சிவப்பாக, ஒரு பழுதும் இல்லாமல், வேகவேகமாக. அது அவளுடையது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைத் தூக்கி மிஷினில் அடித்து உடைத்தாள்.

எஸ்தர் வந்து கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், செல்லக்கனியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஊர் தனக்குத் தெரிந்ததைப் பேசிக்கொண்டது. கறி தின்ற வாய்வு, மாரில் ஏறிவிட்டது, ஏப்பம் விட்டும் பாதிதான் இறங்கியது, பாவம், நல்ல மனுசன். அழுது மயங்கினவளின் முகத்தில் பெண்கள் சோடா தெளித்தார்கள். கண் விழித்தவளுக்கு முதலில் தெரிந்தது அந்தப் பாட்டிலின் வெள்ளைச் சட்டையும் அதில் தான் போட்ட தையலும்.

பதினாறு கழிந்ததும் கொட்டகையைத் திறந்தாள். பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தைத்த சட்டையையெல்லாம் தையல் தையலாகப் பிரித்தாள், பிரித்த துணியைக் கூட்டி அடுப்பில் போட்டாள், பாட்டில்களை வெறும் மேனியாக வாசல் பெட்டியில் அடுக்கி வைத்தாள். பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச்சாரியில் நடந்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். முதலில் வந்தவள் அன்னபுஷ்பம். கிணற்றிலிருந்து எடுத்த நாளுக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை, சிரிப்பும் போய்விட்டது.

"எனக்காவத்தான் சட்ட தச்சியளாமே அத்த, ஊர்ல சொல்லுதாவ."

"ஆமாட்டி."

"நான் கேக்கவே இல்லியே" என்றாள் அன்னபுஷ்பம். "ஓட்டைய அடைக்கக் கூட்டிட்டுப் போவாவளான்னுதான் பாத்துக்கிட்டே கெடந்தேன். நீங்க மூடிட்டிய. அப்புறம் எங்க அம்மைக்குக்கூட அது மறந்துபோச்சு."

செல்லக்கனி உட்கார்ந்தபடியே குனிந்து தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள். அந்தப் பெண் போனபிறகும் அவள் தலை நிமிரவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிற ஒரு முற்பகலில், தர்மகர்த்தா வேகமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

"எம்மா, வாய்வு பிடிச்சிட்டு. ஒரு சோடாக் கொடு."

அவள் ஒரு வெறும் பாட்டிலை நீட்டினாள். அவர் கை பாதிதூரம் வந்து நின்றுவிட்டது.

"சட்ட?"

"இல்ல. எல்லாத்தையும் எரிச்சாச்சு."

தர்மகர்த்தா தெருவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பாட்டிலைத் துண்டால் வாங்கி, மூடி, நன்றாகச் சுற்றி, முடிச்சுப் போட்டுக்கொண்டு, கோலியில் விரலை வைத்தார். இடது கை தாடையைத் தடவியது.

செல்லக்கனி எழுந்தாள். இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்கவில்லை. துண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள், துண்டு அவள் கையோடு வந்தது, கண்ணாடி அவர் வெறுங்கையில் நின்றது. தெருவில் அய்யோ என்று ஒரு சத்தம் எழுந்தது. டீக்கடையில் நின்றவர்கள், சைக்கிளில் போனவர்கள், கூடையோடு வந்த பெண்கள், அத்தனை பேரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். தர்மகர்த்தா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருக்குள்ளே இருப்பதை அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் பார்த்தாள். ஊர் பெருமைப்பட்ட அந்தப் பெரிய இருதயத்தின் முன்பக்கம் வெளுத்துப்போய், அடிக்காமல், மற்ற பக்கம் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தத்தளித்தது. மேலே ஓடுகிற குழாயில், பரோட்டாக் கல்லின் ஓரத்தில் உறைந்து கிடக்கிற எண்ணெயைப் போல, ஓர் அடைப்பு.

"மாமா, இது வாய்வு இல்ல. பாதி நெஞ்சு வெளுத்துக் கெடக்கு. கண்ணத் தொறந்து பாருங்க" என்றாள். அவர் திறக்கவில்லை. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினாள். "யாராவது ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்களேன்! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம், இன்னும் நேரம் இருக்கு!" திரும்பி நின்ற முதுகுகளில் ஒன்றுகூட அசையவில்லை, அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றன. அவள் மறுபடியும் கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். பிடித்த கையை விடவில்லை. அவள் பிடிக்குள் நாடி தட்டுவதும் தடுக்குவதுமாக இருந்தது.

"எம்மா," என்றார் தர்மகர்த்தா, கண்ணைத் திறக்காமலே, மூச்சு வாங்க, மெதுவாக. "சட்ட போட்டாச்சா?"